வானத்தில் பிரேக் போட்டவர்

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் வேன்காரருக்கு இரண்டு வண்டிகள். ஒன்று, துணி ஆலைப் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடும் வேன். இன்னொன்று, படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டருக்குள் பறக்கும் போர் விமானம். முதலாவதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தரையில் குத்தி நிறுத்துவார்.

இந்த வயதில் விமான ஆசை எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசை விமானத்தின் மேல் இல்லை, மாப்பிள்ளையின் மேல். ஒரே மகள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். போனபின் போனும் குறைந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் பேசினாலோ, "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன் மாமா." "வேலையெல்லாம்?" "போகுது மாமா." அதற்குமேல் கரண்ட் போன வீடு மாதிரி இருக்கும். வேன்காரருக்குத் தெரிந்தது டீசல் விலை. மாப்பிள்ளைக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஞாயிறு மதியம் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சேர்ந்து விமானச் சண்டை விளையாடுகிறார்கள், மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்று எப்படியோ இவர் காதுக்கு வந்தது. "எனக்கும் கத்துக் குடுங்க மாப்பிள்ளை" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை தாராளமனசு. கையால் பிடித்து ஓட்டுகிற தன்னுடைய பழைய ஜாய்ஸ்டிக்கையும், காலால் மிதிக்கிற ஒரு ஜோடி பெடலையும் பார்சலில் அனுப்பிவைத்தார்.

"விமானத்தோட வால்ல ரட்டர்னு ஒரு தட்டு இருக்கும் மாமா. அது திரும்பினா மூக்கு இடம் வலமா திரும்பும். ஸ்டிக்கைத் திருகியும் அதை ஆட்டலாம். ஆனா உங்க ஸ்டிக்கு பழசு, திருகாது. நீங்க பெடலை மிதிச்சு ஓட்டுங்க. டிரைவர் காலுக்குச் சொல்லவா வேணும்?"

அந்த டிரைவர் காலில்தான் வந்தது வினை. வாழ்நாள் முழுக்க ஆபத்து என்றால் வலது காலை ஓங்கி மிதித்துப் பழகியவர். எதிரி விமானம் குறுக்கே வந்தால் ஸ்டிக்கை நெஞ்சோடு இழுத்து, வலது பெடலைப் பலகையே உடைகிற மாதிரி மிதிப்பார். வேனாக இருந்தால் நின்றிருக்கும். விமானம் நிற்குமா? ரட்டர் முழுசாக வலது பக்கம் போய், வேகம் செத்து, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கீழே விழும்.

"ஐயோ, பிரேக்கு! பிரேக்கு புடிக்கலையே!"

இந்தக் கூப்பாடு கட்டடம் முழுக்கக் கேட்கும். கீழே அயர்ன் பண்ணுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பைலட் இறங்கிட்டார்" என்பார். எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பொழுது போனது.

அதைவிட வேடிக்கை, மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவே இல்லை. "சூப்பர் மாமா! இனிமே நீங்கதான் முன்னாடி போறீங்க. நீங்கதான் லீடர்" என்றார். மறுநாளே ஆலைப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நல்லவர்கள், வேனைவிட்டு இறங்கும்வரை சிரிக்கவில்லை.

லீடர் என்றால் விழலாமா? அந்த யோசனையிலேயே இருந்தவர், ஒருநாள் ஜாய்ஸ்டிக்கைத் தூசி தட்டும்போது அடியில் ஒரு சின்னத் தாழ்ப்பாளைப் பார்த்தார். தள்ளினார். ஸ்டிக் அழகாகத் திருகியது.

"இது கெட்டுப்போகலடி. பூட்டியிருக்கு. மாப்பிள்ளை மறந்துட்டார் போல" என்றார் மனைவியிடம்.

"மறந்தாரா, மறைச்சாரா?"

"உனக்கு எப்பப் பாரு அவரைக் குத்தம் சொல்லணும்."

பெடலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கால் கேட்கவில்லை. ஆபத்து வந்தால் வெறும் தரையை மிதித்தது. அதனால் நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "விமானம் ஓட்டறீங்களா, சாமியாராப் போயிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெடலை மாட்டிப் பழையபடி விழுந்துவிட்டு, மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் தனியாகப் பழகினார். ஸ்டிக்கை ஓங்கித் திருகினால் பழையபடி பம்பரம்தான். ஒழுகுகிற குழாயை மூடுகிற மாதிரி மணிக்கட்டால் துளியூண்டு திருகினால், மூக்கு ஒரு மயிரிழை நகர்ந்து, துப்பாக்கிக் குறி எதிரியின் முதுகில் போய் உட்காரும். கைக்கு வந்துவிட்டது.

அந்த ஞாயிறு ஏதோ போட்டியின் கடைசிச் சுற்று. ஸ்க்ரூ டிரைவர் கேட்கிற சாக்கில் நானும் மேலே போனேன். அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் அந்தப் பக்கம் பேசியதும் எனக்குக் கேட்டது.

வழக்கம்போல இவர் முன்னால் போனார். இரண்டு எதிரிகள் துரத்தி வந்தார்கள். சம்மணம் கலையவில்லை. வேகத்தைக் குறைத்தார், லேசாகத் திருகினார், சுட்டார். ஒன்று புகைந்து விழுந்தது. இன்னொரு திருகு. இரண்டாவதும் போச்சு. "மாப்பிள்ளை, ரெண்டு! ரெண்டு பேரு!" என்று கத்தினார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

அதற்குள் மிச்சமிருந்த எதிரிகள் மேலேயிருந்து இறங்கி, காத்திருந்த மாப்பிள்ளையையும் சிநேகிதர்களையும் வரிசையாகச் சுட்டு, கடைசியில் இவரையும் முடித்துவிட்டார்கள். ஆட்டம் தோல்வி.

ஸ்பீக்கரில் முதலில் பேசியது ஒரு சிநேகிதன். "டேய், உங்க மாமனார் ஏன்டா விழல?"

"நான் ரெண்டு பேரைச் சுட்டேன் தம்பி, பாக்கலையா?"

"உங்களை யாரு மாமா சுடச் சொன்னது?" மாப்பிள்ளையின் குரல். "நீங்க விழுவீங்க. சுலபமான வேட்டைன்னு அவனுங்க மொத்தமா உங்க பின்னாடி கீழ இறங்குவானுங்க. நாங்க மேல இருந்து சாத்துவோம். இத்தனை நாளா ஜெயிச்சதே இப்படித்தான்."

"அப்ப லீடர்னு சொன்னீங்களே?"

"வெட்டப் போற ஆடு முன்னாடிதானே அங்கிள் போகும்?" என்றான் சிநேகிதன்.

"அந்தத் தாழ்ப்பாள்..."

"நான்தான் போட்டேன். கையால ஓட்டக் கத்துக்கிட்டா உங்களுக்கு விழ வராதே. இப்பப் பாருங்க, அதேதான் ஆச்சு."

சிநேகிதன் எதையோ தட்டினான். "ஐயோ, பிரேக்கு! பிரேக்கு புடிக்கலையே!" இவருடைய குரலேதான், பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பெண் குரலும் இருந்தது.

"விடுங்க மாமா. அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கறோம்."

வேன்காரர் சம்மணத்தைப் பிரித்துக் காலைத் தொங்கவிட்டார். "வேற ஆள் எதுக்கு மாப்பிள்ளை? நானே விழறேன்" என்றார்.

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். ஸ்பீக்கரை அணைத்தாள். நான் அங்கே நிற்பதை அவள் சட்டைசெய்யவில்லை.

"வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாதா உங்களுக்கு?"

"சிரிச்சுது நம்ம பொண்ணு. கேட்டியா?"

"கேட்டுச்சு. அவளைப் பெத்த வயித்துல பெரண்டையை வச்சுத்தான் கட்டணும்."

"அவ சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு, சொல்லு" என்றார் அவர். அவள் கரண்டியோடு திரும்பிப் போனாள். நான் ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு விழுந்தார். கையாலேயே ஓங்கித் திருகி, தொழில் தெரிந்தவராக, சத்தமே இல்லாமல் விழுந்தார். எதிரிகள் பின்னாலேயே இறங்கினார்கள். மேலே இருந்தவர்கள் சாத்தினார்கள். வெற்றி. ஆனால் அந்தப் பக்கம் யாருக்கும் திருப்தியில்லை.

"விழுந்தது ஓகே மாமா. சத்தம் வரலையே?"

"ஐயோ, பிரேக்கு" என்றார் இவர், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி.

அப்போதுதான் மகள் பேசினாள். அந்த ஸ்பீக்கரில் அவள் இவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா."

"சொல்லும்மா! எப்படிம்மா இருக்கே? சாப்பிட்டியா?"

"ம். அப்பா, முன்ன மாதிரி இல்லப்பா. நீ சும்மா சொல்றேன்னு தெரியுது. நிஜமா பயந்து கத்துப்பா, இவங்க எல்லாம் கேக்கறாங்க."

"சரிம்மா, இரு" என்றார்.

அடுத்த ஆட்டத்தில் கத்தினார் பாருங்கள், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்திலிருந்து வீறிட்டு எழுந்தது. அயர்ன்காரர் ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டார். மகள் "சூப்பர்ப்பா!" என்றாளாம். மறுநாள் வேனில் ஆலை வாசல்வரை அவர் அதையேதான் சொல்லிக்கொண்டு போனார்.