அஸருக்கு முன் ஒரு கோல்

காத்தான்குடிப் பெண்கள் போனைக் கடையில் கொடுக்கமாட்டார்கள். உள்ளே கலியாண வீட்டுப் படங்கள் கிடக்கும். அதை எவனோ ஒருவன் தட்டித் தட்டிப் பார்ப்பதா? ஆகவே உடைந்த போனெல்லாம் றிஸ்லாவின் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். கண்ணாடி மாற்றுவாள், பற்றறி மாற்றுவாள். வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு தடையைத் தாண்டிப் பேச விபிஎன்னும் போட்டுக் கொடுப்பாள். அங்கே சில இடங்களில் வட்ஸ்அப்பில் செய்தி போகும், பேசுகிற கோல் போகாது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் திறந்த மூலச் செயலி ஒன்றுதான் அவளுக்கு நம்பிக்கை. வாடகைக்கு எடுத்த சேர்வரிலிருந்து ஒவ்வொரு போனுக்கும் தனித்தனிச் சாவி செய்து அனுப்புவாள்.

அன்று பகல் முப்லிஹா மூச்சு வாங்க ஓடிவந்தாள். மாமியார் நபீஸா காலையில் மௌத்து. அஸர்த் தொழுகையோடு ஜனாஸாவை அடக்க எடுத்துவிடுவார்கள். கணவன் றமீஸ் வளைகுடாவில். எந்த விமானம் பிடித்தாலும் வந்து சேர முடியாது.

"ராத்தா, கோல் வருது, ஒரு சொல்லுப் பேசல்ல, அப்படியே நிண்டுருது. உம்மாட முகத்த ஒருக்காக் காட்டுங்க எண்டு அவர் அங்க கிடந்து அழுறார்."

றிஸ்லா போட்டது போட்டபடி எழும்பிப் போனாள். அங்கே கபன் துணிக்குள் மாமியின் முகம் மட்டும் திறந்திருந்தது. ஒரு மூலையில் குந்தி, றமீஸுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். செயலியை மூடித் திறங்க. சாவியை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க. வைஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறுங்க. அத்தனையும் செய்தான் பாவம். ஒவ்வொரு தடவையும் முப்லிஹாவின் போனில் அவன் முகம் வந்தது, வாய் திறந்தது, உறைந்தது.

"நாசமாப்போன நெட்டு!" என்றாள் முப்லிஹா.

வெளியே ஆண்களின் குரல். "சந்தூக்குப் பெட்டி வந்திட்டு. பொம்புளையள் பாத்து முடிச்சாச் சொல்லுங்க."

 றிஸ்லா தன் போனில் சேர்வரைத் திறந்து றமீஸின் சாவியைப் பார்த்தாள். அது இப்போது வளைகுடாவில் இருந்தது. கண் இமைக்குமுன் இலங்கையில். திரும்பவும் வளைகுடா. ஒரே சாவி இரண்டு போனில்! கடைசியாக யார் தட்டுகிறாரோ அவருக்குத்தான் சேர்வர் கதவு திறக்கும். மற்றவர் அறுந்து போவார்.

அல்லாஹ்வே! அப்போதுதான் நினைவு வந்தது. முந்தாநாள் முன்னறையில் வந்திருந்து, இப்போது கபனுக்குள் கிடக்கும் அந்த மனிசி கெஞ்சினாளே. "மகனுக்குப் போட்டத எனக்கும் போட்டுத் தாங்க மகள். அவன்ட கோல் என்ட பக்கத்தால தவறப்படா." இந்தப் பக்கத்துக்கு அது தேவையே இல்லை. கைநிறைய வேலை, புதுச் சாவி செய்ய நேரமில்லை; மனிசியின் மனம் ஆறட்டும் என்று மகனின் சாவியையே போட்டு விட்டிருந்தாள்.

"முந்தாநாளும் நேத்தும் கோல் எப்படி வந்த?" என்று முப்லிஹாவிடம் கேட்டாள்.

"வெட்டி வெட்டித்தான். மழையாக்கும் எண்டிருந்தம்."

கடைசியாகத் தாயும் மகனும் பேசிய பேச்சையும் தானே அறுத்திருக்கிறாள். றிஸ்லா சட்டென்று எழும்பினாள்.

"மாமிட போன் எங்க?"

தலையணைக்கு அடியில், சார்ஜரில் கிடந்தது. எடுத்ததும் திரை வெளிச்சமானது. 'மகன்' என்று வரிசையாக, எடுபடாத கோல்கள். செய்தி கேட்டபிறகும் அவன் உம்மாவின் நம்பருக்கே அடித்திருக்கிறான். றிஸ்லா பொத்தானை அழுத்திப் பிடித்து அந்தப் போனை அணைத்தாள்.

முப்லிஹாவின் கையிலிருந்த போனில் றமீஸின் படம் அசைந்தது. இம்முறை உறைந்து நிற்கவில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு விலக, அவள் போனை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உம்மா," என்றான் றமீஸ். "உம்மா, கேக்குதா?"

வெளியே ஆண்கள் கதவைத் தட்டினார்கள். றிஸ்லா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "மகன் பேசிக்கொண்டிருக்கிறார்."