நாலாவது இழுப்பு

நம்பாதவர்கள் என் இடது கன்னத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கதை கட்டுகிற ஆள் இல்லை நான். எனக்கிருக்கும் ஒரே கிறுக்கு அமெச்சூர் ரேடியோ.

மொட்டை மாடியில் ஆன்டெனா, கீழே என் அறையில் ரிசீவர், நடுவில் கேபிள். கேபிள் நுனியில் மாட்டும் கனெக்டர் சரியில்லையென்றால் எல்லாம் பாழ். திருகி மாட்டுகிற வகை நாலு மாதத்தில் தளர்ந்துவிடும். கருவியால் அமுக்கிப் பொருத்தும் வகைதான் வாங்குவேன். பொருத்தியதும் மூன்று முறை பலமாக இழுத்துப் பார்ப்பேன். கழன்று வந்தால் குப்பைக்கு.

அன்று கனெக்டர் புதிது. கேபிள் மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கியது.

மாலை 5.40. என் மனைவியின் ஒரே தம்பி மாடியில் கம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமென்று கேபிளைக் கழுத்தில் சுற்றிப் போட்டிருந்தான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜன்னல் வழியே வந்த நுனியில் கனெக்டரைப் பொருத்தினேன். ரிசீவரைப் போட்டேன். அதில் இன்னும் கேபிளை மாட்டவில்லை. வெறும் இரைச்சல்தான் வர வேண்டும்.

மூச்சு வந்தது. யாரோ திணறுகிற மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்...

பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

5.43. இழுத்தேன்.

"மெதுவா மாமா!" மேலிருந்து கத்தினான்.

"கம்பத்தைப் பிடிச்சுக்கடா!" சிரித்துக்கொண்டே இரண்டாவது. மூன்றாவது.

கேபிளிலிருந்து கையை எடுத்தேன்.

கேபிள் தளரவில்லை. விறைத்து நின்றது. கனெக்டர் அந்தரத்தில்... அறை மூலையைப் பார்த்து. மூலையில் யாரும் இல்லை.

பிறகு அது ஒரே வெட்டாக இழுபட்டது.

மேலே தொப்பென்று சத்தம். கால்கள் தரையை உதைத்தன. டம்... டம்... டம்...

ரிசீவரில் அவன் குரல்.

"மாமா... விடுங்க..."

கட்டரை எடுத்து வெட்டினேன். நுனி சாட்டையாகத் திரும்பி என் கன்னத்தைக் கிழித்தது.

மாடிக்கு ஓடினேன். அவன் முகம் நீலம். கழுத்தில் ரத்தம்.

பிழைத்துக்கொண்டான். குரல் மட்டும் திரும்பவில்லை. "என் தம்பியக் கொல்லப் பாத்தீங்களே" என்றாள் மனைவி. நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பத்து நாள் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். கேபிள் யாருடையது என்று கேட்டேன்.

"ரேடியோக்காரர் ஒருத்தர் வீட்டுது. மச்சினனைக் கழுத்து இறுக்கிக் கொன்னுட்டு ஜெயில்ல இருக்காரு. இன்னிக்கு வரைக்கும் ஒரே புலம்பல்."

"என்னன்னு?"

"மூணு தடவைதான் இழுத்தேன், நாலாவது நான் இல்லைன்னு."