நான் மறைத்த முழங்கால் வலி

முழங்கால் சுகமாகிவிட்டது என்று சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவள் நான். அதே முழங்கால் மூன்றாம் கிழமை திரும்ப நோகத் தொடங்கியது. நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

பொய்ச் சாட்சி சொன்னேன் என்று நினைத்துவிடாதேயுங்கள். எங்கள் சபை ஜெயந்தி அக்கா என் காலில் கை வைத்து ஜெபித்த அன்று வலி உண்மையாகவே போனது. இரண்டு கிழமையாக லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுப் படிகளில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி இறங்கினேன். சாட்சி சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வலி வந்துவிட்டது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அதைவிடப் பெரிய பயம் என் மகள் அபி. பதினாறு வயது. ஒரு வருடமாகவே சபைக்கு வர அவளுக்கு மனமில்லை. வந்தாலும் கடைசி வரிசை, கையில் போன். சாட்சி சொன்ன அன்று காரில் கேட்டாள், "அம்மா, ரியலா சுகமாயிட்டுதா?"

"ஓம் பிள்ளை, முழுக்கச் சுகம்."

அவளுக்காக நான் அழுது ஜெபித்ததற்கெல்லாம் அந்தக் கால்தான் பதில் என்று நினைத்தேன். இப்போது நோகுது என்று சொன்னால், மிச்சமிருக்கிற விசுவாசமும் பிள்ளையை விட்டுப் போய்விடும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன பெப்ரவரி பள்ளி விடுமுறையில், லண்டனுக்கு வெளியே ஒரு பனிச்சறுக்கு மண்டபத்துக்குப் போகச் சபைக் குடும்பங்கள் ஏற்பாடு செய்தார்கள். கூரைக்குள்ளே செயற்கைப் பனி கொட்டி மலைபோல் சரிவு கட்டி வைத்திருக்கிறார்கள். "நீங்க வந்தா நானும் வாறன்" என்றாள் அபி. சபைக்காரரோடு வருகிறேன் என்று அவள் தானாகச் சொன்னது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. நான் மாட்டேன் என்பேனா?

சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண், ஒரு சோடி மெல்லிய சொக்ஸ் போதும் என்றாள். குளிரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். காலில் மூன்று சோடி. அதற்குள் தேர்மல் காற்சட்டையையும் சொருகியிருந்தேன். எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் குளிர் என்றால் இப்படித்தான். அதன்மேல் அந்தச் சப்பாத்தை அமத்திப் பூட்டினேன்.

சின்னச் சரிவில் இருபது நிமிடம்தான் நின்றிருப்பேன். கெண்டைக்கால் வெடிப்பது போல் நொந்தது. விரல்கள் விறைத்துப் போயின. முழங்காலும் அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைக் காட்டியது. ரொய்லெட்டுக்குப் போறன் என்று சொல்லிவிட்டு, சுவரோரம் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்குப் பலகையில் போய் விழுந்தேன்.

"ஆண்டவரே, இந்த வலியை இப்பவே எடும். எனக்காக இல்லை, என்ர சாட்சிக்காக" என்று ஜெபித்தேன். சொல்லும்போதே கூசியது. நான் காப்பாற்றப் பார்த்தது அவருடைய பெயரையா, என் பெயரையா? எனக்கே தெரியும். வலி அசையவில்லை. கடைசியில் அழுகை வந்துவிட்டது. "அப்பா, நோகுது. என்னால ஏலாது" என்றேன். பல கிழமைகளுக்குப் பிறகு நான் செய்த உண்மையான ஜெபம் அதுதான்.

கண்ணைத் திறந்தபோது அபி முன்னால் நின்றாள்.

"முழங்காலா அம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். "ஓம்" என்று வந்தது. அந்தத் துணிவு என்னுடையதல்ல. என்னை எனக்குத் தெரியும்.

அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கீழே குந்தியிருந்து சப்பாத்தின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் சொக்ஸ், இரண்டாவது, மூன்றாவது. "அம்மா, சீரியஸா?" என்று அப்போதுதான் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். கால் மூச்சு விட்டது. கெண்டைக்கால் வலி முழுவதும் அந்தச் சொக்ஸால்தான்.

"முழங்கால்?"

"அது கொஞ்சம் நோகுது. திரும்ப வந்து கனநாள். உனக்குச் சொல்லப் பயமா இருந்தது."

"எனக்குத் தெரியும் அம்மா. காலமை படியில சைட் பக்கமாத்தானே இறங்குறீங்க. எப்ப சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ப்ரே பண்ணட்டா?" என்றாள். என் முழங்காலில் கை வைத்து இரண்டே வசனம், பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். அவள் வாய்விட்டு ஜெபித்து எவ்வளவு காலம்! நான் காலுக்காகக் கேட்டேன். ஆண்டவர் பிள்ளையைத் தந்தார்.

ஒரு சோடி சொக்ஸோடு திரும்பப் போனேன். வலி கொஞ்சம் இருந்தது, பயம் இல்லை. அபியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னச் சரிவை இரண்டு தரம் இறங்கினேன். இரண்டாந்தரம் விழுந்தேன், பெரிய சந்தோஷத்தோடு விழுந்தேன். அடுத்த ஞாயிறு மைக்கைக் கேட்டு வாங்கி என் சாட்சியைத் திருத்திச் சொன்னேன். இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் ஜெயந்தி அக்கா வந்து கட்டிப்பிடித்தார். "எனக்கும் இடுப்பு நோகுது, ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் மறைத்து வைத்த வலி ஒன்று இருக்கலாம். இருக்கிறபடியே ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். நல்ல பெயர் எடுத்துக் கொடுக்க அவருக்கு நாங்கள் தேவையில்லை.

இன்று காலையும் படியில் ஒரு பக்கமாகத்தான் இறங்கினேன். கீழே நின்ற அபி, "இண்டைக்கு எப்பிடி அம்மா?" என்று கேட்டாள். "கொஞ்சம் நோகுது பிள்ளை" என்றேன். அவள் இரண்டு படி ஏறி வந்து கையை நீட்டினாள். ஸ்தோத்திரம்.