கட்டில் வந்த வழி

கொடைக்கானல் விடுதியில் என்னைச் சேர்த்தபோது எனக்கென்று ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய யோகம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பூம்பாறையில் எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது. குளிருக்கு அடுப்பை ஒட்டிப் பாய் விரித்து, அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு படுப்பேன். தலைக்கு மேலே விதைப்பூண்டு கட்டுக்கட்டாகப் புகையில் தொங்கும். விடுதிக் கட்டிலிலோ எந்தப் பக்கம் புரண்டாலும் ஆள் இல்லை. தினமும் அழுதுகொண்டேதான் தூங்கினேன்.

ஒருநாள் இங்கிலீஷ் டீச்சர், ஆளுக்கொரு சின்னச் சொல்லை எடுத்து அது எங்கே பிறந்தது என்று தேடச் சொன்னார். நான் கட்டிலுக்கு இங்கிலீஷில் சொல்லும் 'காட்' (cot) என்பதை எடுத்தேன். வேறு எதன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது? நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினேன். இங்கிலீஷுக்கு அது இந்தியிலிருந்து போனதாம். இந்திக்கு சமஸ்கிருதத்திலிருந்து வந்ததாம். அதற்கும் முன்னால் தெற்கத்திச் சொல்லாக இருக்கலாம், தமிழின் 'கட்டில்' என்பதைப் பார்க்க என்று போட்டிருந்தது. அந்த ஊரில் முதன்முதலாக ஒரு சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் கட்டில் புராணம் பாடினேன். இந்தி, சமஸ்கிருதமெல்லாம் அவருக்கு எட்டாத சமாச்சாரம்.

“கட்டில் அம்புட்டுப் புடிச்சுப்போச்சாத்தா?” என்றார்.

“ரொம்பப் புடிச்சிருக்குப்பா” என்றேன். நான் சொன்னது அந்தச் சொல்லை.

பொங்கல் லீவுக்குப் போனால் அடுப்போரம் ஒரு புதுக் கட்டில். ஆசாரியைக் கூட்டிவந்து செய்திருக்கிறார். தலையில் இடிக்கும் என்று விதைப்பூண்டுக் கட்டுகளை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றியிருந்தார்.

படுக்கப்போகும்போது தம்பி கட்டிலில் ஏறப் பார்த்தான்.

“ஏலே, எறங்கு. அக்கா நல்லாக் காலை நீட்டிப் படுக்கட்டும்” என்று அம்மா அதட்டினாள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர்கள் கீழே ஒட்டிப் படுத்திருந்தார்கள். நானும் வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. அப்பா முகத்தில் அத்தனை பெருமை. என்னை விருந்தாளி ஆக்கிவிட்டார்களே என்று சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

புகை படாவிட்டால் விதைப்பூண்டு கெட்டுப்போகும். அந்த வருஷ வெள்ளாமையும் அதோடு போகும். அதனால் பூம்பாறையில் எவரும் அதை அடுப்பைவிட்டு அசைக்க மாட்டார்கள். அப்பா அசைத்திருந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.