மீண்டும் முதல் செமஸ்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், எசன் நகருக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஃபாக்ஹோக்‌ஷூலேயில் நான் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு ஆட்களைத் தயார்செய்கிற உயர்கல்விக்கூடம் அது. பட்டமும் தருவார்கள், ஆனால் பல்கலைக்கழகம் அல்ல. இந்த வித்தியாசத்தை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒரு அக்கா கேட்பார்:

"அது கம்பஸோ, இல்லாட்டி ரெக்னிக்கல் கொலிஜ் மாதிரியோ?"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொள்வார்.

"இப்பைக்கு ரெக்னிக்கல் மாதிரித்தான் அக்கா. ரெண்டு வருசத்தில கம்பஸுக்கு மாறிடுவா."

அவர் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் மாறவேண்டுமென்ற ஆசை எனக்கும் இருந்தது. எங்கள் கல்லூரியில் சூத்திரத்தைத் தருவார்கள், அதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று நன்றாகவே சொல்லித்தருவார்கள். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் பல்கலைக்கழகத்துக்காரரின் கவலை" என்று சொல்லி ஆசிரியர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

கணவர் நாட்டில், தெற்குப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றில் பொறியியல் படித்தவர். இரண்டாம் வருடத்தில் கலவரம் வர, விடுதி அறையில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு யாழ்ப்பாணம் ஓடி, அங்கிருந்து ஜெர்மனிக்கு வந்தார். அகதி வழக்கு இழுபட்ட வருடங்களில் படிக்கவும் விடவில்லை, வேலை செய்யவும் விடவில்லை. வழக்கு முடிந்து கையில் விசா வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை கிடைத்தது. அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்தார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது, "நான் கம்பஸை இடையில விட்டனான்" என்பார். முதலில் நான் படித்து முடிப்பது, பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்பதுதான் எங்கள் வீட்டுத் திட்டம். அதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

இரண்டு வருடம் முடிந்து, இடைநிலைப் பரீட்சையில் நல்ல புள்ளிகள் எடுத்து, ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நான் ஏற்கனவே படித்த பாடங்களில் எவற்றை அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்பதைத் தீர்மானிக்க ஒரு பேராசிரியரைப் பார்க்கவேண்டியிருந்தது. மெலிந்த, அமைதியான மனிதர். என் பாடத்திட்டத்தை ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். ஆய்வுகூடப் பயிற்சிகளையும் சில்லறைப் பாடங்களையும் ஏற்றுக்கொண்டார். கணிதத்துக்கு வந்ததும் தலையை ஆட்டினார்.

"இது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே நாங்கள் கணிதம் என்று சொல்வது இதை அல்ல. முதல் செமஸ்டரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

எழுந்து வந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். அவர் கடுமையாகப் பேசியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். திரும்பி வந்த ரயிலில், பழைய கல்லூரியிலேயே இருந்து முடித்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் அப்போதுதான் தூங்கி எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"கணக்கை எடுக்கமாட்டினமாம். முதல்ல இருந்து படிக்கட்டாம்."

"எந்தக் கணக்கு?"

"லீனியர் அல்ஜிப்ரா, அனலிசிஸ், எல்லாம்."

கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. ஒரு வெளிச்சம் வந்தது.

"அது நான் படிச்சதெல்லோ! முதல் வருசத்தில எங்களுக்கு அதுதான்."

"எனக்கு ஏலாதப்பா. பத்தொன்பது வயசுப் பிள்ளையளோட போய்த் திரும்பத் தொடங்க ஏலாது."

"விசர்க்கதை கதையாதையும். நானும் வாறன். ரெண்டு பேருமாப் படிப்பம்."

"நீங்கள் பதியாமல் எப்பிடி வாறது?"

"இஞ்ச லெக்சருக்கு ஆரும் போய் இருக்கலாம். வாசல்ல ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

ஒக்டோபரில் முதல் வகுப்பு. அதற்கு முந்தின இரவு வேலைக்கு லீவு எடுத்திருந்தார். காலையில் முகம் வழித்து, நல்ல சேட்டு போட்டு, எனக்கு முன்பே வெளிக்கிட்டு நின்றார். ரயிலில், நான் அதுவரை கேட்டிராத விஷயங்களைச் சொன்னார். தங்கள் கணித விரிவுரையாளர் கரும்பலகையை அழிக்காமல் எழுத்தின் மேலேயே எழுதுவாராம். பரீட்சைக் காலத்தில் இவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் விளக்கம் கேட்டு உட்கார்ந்திருப்பார்களாம். வேலையால் வரும்போது இருக்கிற களைத்த குரல் அன்று இல்லை.

விரிவுரை மண்டபம் ஒரு சரிவு போல இறங்கிச் சென்றது. இடமில்லாமல் படிக்கட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் நடுவில் இரண்டு இருக்கை பிடித்தோம். அவர் சொன்னது போலவே ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொரு பேராசிரியர் வந்தார், வணக்கம் சொன்னார், எழுதத் தொடங்கினார். கணவர் பேனாவைத் திறந்து வேகமாக எழுதினார். நான் எட்டிப் பிடிக்கத் திணறிக்கொண்டிருந்தபோது அவருடைய தாளில் வரிகள் நேராக இறங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவருடைய கை மெதுவாகியது. பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், முன்பக்கத்தைத் திருப்பி எதையோ தேடினார். மறுபடி எழுதினார், வெட்டினார். ஒரு கட்டத்தில் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிவரை அப்படியே இருந்தார். விரிவுரை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் விரல் முட்டியால் மேசையில் தட்டினார்கள். இங்கே அதுதான் கைதட்டல். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டவர், பிறகு தானும் மெல்லத் தட்டினார்.

மாணவர் உணவகத்தில் சாப்பிட்டோம். திரும்பி வரும் ரயிலில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"முதல் நாள்தானே. டொச் பாசையில கேட்டுப் பழகினால் சரியாயிடும்."

"டொச் இல்லை. டொச் உம்மை விட எனக்குத் தெரியும்." வெளியே பார்த்தபடி சொன்னார். "தொடக்கம் விளங்கிச்சுது. பிறகு எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கிடந்தது, ஆனால் பிடிபடேல்லை. நல்லாத் தெரிஞ்ச ஒராளின்ர பேர் வாய்க்குள்ள நிண்டு வராத மாதிரி."

"அடுத்த கிழமையும் வாங்கோ. வர வர ஞாபகம் வரும்."

"இல்லை." அமைதியாகத்தான் சொன்னார். "இடையில விட்டனான், இடையில விட்டனான் எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அது அங்கயே முடிஞ்சுபோச்சு. இண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது."

சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"நீங்கள் வரேல்லையெண்டால் நானும் விடுறன்."

அவர் என் மேல் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். ரயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீர் எனக்காகவோ படிக்கிறீர்? நான் படிக்காததை எனக்குப் பதிலாப் படிக்கிறீரோ?"

உண்மையில், ஓரளவுக்கு அப்படித்தான். அதுவரை எனக்கே அது தெரியாது. அவர் வீட்டுக்கு வந்து வேலை உடுப்பை எடுத்துவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்காரவேண்டும் போலிருந்தது, போகவில்லை.

அடுத்த கிழமை தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். ஒரு பெண் வந்து, இது யாருக்காவதா என்று கேட்டாள். இல்லை என்று பையை எடுத்தேன். பின்னாளில் அவளோடும் இன்னும் இருவரோடும் சேர்ந்துதான் படித்தேன். முதல் கணிதப் பரீட்சையில் தோற்றேன். வீட்டில் சொன்னபோது கணவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "திருப்பி எடும்" என்றார். பரீட்சைக் கிழமைகளில் சமையலைத் தான் பார்த்துக்கொண்டார். இரண்டாம் தடவை தேறினேன். சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பது மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. அந்தச் சந்தோசத்தை அவரிடம் முழுதாகச் சொல்ல ஏனோ வாய் வந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து, கணவர் வேலையிடத்தில் கேட்டுப் பேக்கரித் தொழிலுக்கான பரீட்சை எழுதினார், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு. ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். தேறியதும் பகல் வேலைக்கு மாற்றினார்கள். சான்றிதழை எனக்கு ஒருமுறை காட்டிவிட்டு உள்ளே வைத்தார். அவருக்கு அதில் மகிழ்ச்சியா என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது.

என் டிப்ளோம் பட்டம் வந்தபோது விழா எதுவும் இல்லை. அலுவலக யன்னலில் ஒரு பெண் அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, உறையை நீட்டி வாழ்த்துச் சொன்னார். வெளியே வந்து, தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தொழிற்சாலைக்கு எடுத்தேன். மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிடப் போனார். இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடுத்திட்டன்" என்றேன்.

"ஓம்" என்றார். தொண்டையைச் செருமினார். பிறகு, "சாப்பிட்டீரா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"சாப்பிட்டிட்டு வாரும். ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலா வாரும்."