பன்னிரண்டு போத்தலும் என் கைவரிசையும்

மூன்று வருஷத்துக்கு முன், குளிர் தொடங்குகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை. லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு வைன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது கிழமை, ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. வைன் கடை என்றதும் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. கணவருக்கு இடுப்பு நோவு வந்து அவர் வேலையை விட, ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக வேலை தேடி வெளிக்கிட்டவள் நான். ஏறி இறங்கின இடமெல்லாம் முன் அனுபவம் கேட்டார்கள். கடைசியில் என்னை நம்பி எடுத்தவர் இந்தக் கடை முதலாளிதான். அவரும் நம்மட ஆள், என் தம்பி வயது. கூட்டுவது, துடைப்பது, தட்டுகளில் அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. துப்புரவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் விசர், பைத்தியம்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதலாளி ஒரு பெரிய காரியம் ஒழுங்கு செய்திருந்தார். போர்த்துக்கலில் மலைப்பக்கம் ஒரு குடும்பம், சொந்தத் திராட்சைத் தோட்டம் வைத்து மூன்று தலைமுறையாக வைன் செய்கிறவர்கள். இப்போது ஒரு பெண்ணும் அவருடைய சகோதரனும் நடத்துகிறார்கள். லண்டனில் அதுவரை அவர்களுடைய வைனை ஒருவரும் வாங்கியதில்லை. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு உணவகக்காரர் பதினைந்து பேர் வந்து ருசி பார்ப்பார்கள். பிடித்தால் வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் அவ்வளவுதான். அதற்காக எட்டு வருஷத்துப் பழைய போத்தல்கள் பன்னிரண்டு ஒரு கிழமை முன்னமே வந்து, பின் அறை மேசையில் நின்றன. "அக்கா, அது விக்கிறேல்லை, சனிக்கிழமைக்கு" என்று மட்டும் முதலாளி சொல்லியிருந்தார். விற்கக் கூடாது என்றால் விற்கக் கூடாது. துடைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே!

காலையில் துணியும் கையுமாகப் போனேன். ஒரு போத்தலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் கறுப்பாக மண்டி. பக்கென்றது. அடுத்ததிலும் மண்டி. வருகிற சனம் சாமான் பழுதாய்ப் போய்விட்டது என்று நினைக்குமே என்று எனக்கு ஒரே கவலை. எங்கள் வீட்டில் கரைத்துக் குடிக்கிற நெல்லிக் கிரஷ் என்றாலும் பாணி மருந்து என்றாலும் அடியில் தங்கினால் என்ன செய்வோம்? நன்றாகக் குலுக்குவோம். சத்தெல்லாம் அடியில்தானே கிடக்கும்! கைக்கு எட்டினதை எடுத்து, கழுத்தைப் பிடித்து, தோள் நோகக் குலுக்கித் துடைத்து வைத்தேன். நடுவில் கடை மணி அடித்தது. பெட்டி கொண்டுவந்தவருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், குலுக்கின வேலையை மறந்து, பன்னிரண்டையும் லேபல் முன்னுக்குத் தெரிகிற மாதிரி அழகாக மாற்றி அடுக்கிவிட்டு, கிளாஸ் கழுவப் போய்விட்டேன். எதைக் குலுக்கினேன், எத்தனை குலுக்கினேன் என்று ஒரு நினைவும் இல்லை. மனதில் பெரிய திருப்தி மட்டும் இருந்தது.

இரண்டு மணிக்கு அக்காவும் தம்பியுமாகப் போர்த்துக்கல்காரர் இருவரும் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னோடு சேர்ந்து கிளாஸ் அடுக்கிக்கொண்டே, எனக்கு விளங்கும்படி மெதுவான ஆங்கிலத்தில் தங்கள் வைனைப் பற்றிச் சொன்னார். மற்றவர்கள் வடிகட்டித் தெளியவைத்துத்தான் போத்தலில் அடைப்பார்களாம். இவர்கள் வடிகட்டுவதே இல்லை. திராட்சையைக் குடும்பமாக நின்று காலால் மிதித்து, தோலோடு தானாகவே புளிக்கவிட்டு, பழைய மரப் பீப்பாவில் கிடக்க வைத்து, அப்படியே அடைத்துவிடுவார்கள். அதனால் வருஷம் போகப் போக அடியில் மண்டி படியும். அது பழுது இல்லை. ஆனால் ஊற்றும்போது அது கலங்கிவிடக் கூடாது. கலங்கினால் ருசியெல்லாம் போய், வாயில் கசப்பும் மண்ணும்தான் மிஞ்சும். "அதனால்தான் முன்னமே அனுப்பினோம், ஒருவரும் தொடாமல் ஒரு கிழமை நிற்கட்டும் என்று" என்று சொல்லிச் சிரித்தார்.

காலையில் குலுக்கினது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் செய்ததை ஒருவரும் காணவில்லை. பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வைன்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் போய்விடுவார்கள். சொன்னால் என் வேலை போய்விடும். உண்மையைச் சொன்னால், வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் நினைத்தேன். அந்தப் பெண் தக்கை திருகுகிற சாமானைக் கையில் எடுத்து, நித்திரையாய்க் கிடக்கிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு போத்தலை இரண்டு கையாலும் தூக்கினார். அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, பொறுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். முன்பக்கம் நின்ற முதலாளி ஓடிவந்தார்.

"தம்பி, நான் குலுக்கிப்போட்டன்."

"என்னத்தையக்கா?"

"இந்தப் போத்தலுகளை. மண்டி கிடந்தது. நெல்லிக் கிரஷ் மாதிரியாக்கும் எண்டு நினைச்சு..."

முதலாளியின் முகம் வெளிறிவிட்டது. தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் போத்தலை மெதுவாகத் திரும்ப மேசையில் வைத்தார். அவருடைய தம்பிதான் கேட்டார், எல்லாவற்றையுமா என்று. தெரியாது என்று தலையாட்டினேன்.

அவர் அறை லைட்டை நிற்பாட்டி, ஃபோன் வெளிச்சத்தை முதல் போத்தலுக்குப் பின்னால் பிடித்தார். உள்ளே ஒரே கலங்கல். இரண்டாவதும் கலங்கல். மூன்றாவது, நான்காவது... நான் நல்லூர் முருகனை வாய்விட்டுக் கூப்பிடாத குறை. ஐந்தாவதுக்குப் பின்னால் வெளிச்சம் பட்டதும் சிவப்பு அப்படியே துலக்கமாகத் தெரிந்தது. மண்டி அடியில் அசையாமல் கிடந்தது. அவர் தங்கள் பாஷையில் என்னவோ சொல்லிப் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். பன்னிரண்டும் பார்த்து முடிய ஐந்து தேறியது. பதினைந்து பேருக்கு ஐந்து தாராளம் என்று அந்தப் பெண் சொன்னபோது, பக்கத்தில் இருந்த வெறும் பெட்டியில் குந்தி அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, பாரம் இறங்கின அழுகை.

வந்தவர்கள் குடித்துப் பார்த்து, மணத்தை முகர்ந்து பார்த்து, திரும்பவும் வாங்கிக் குடித்தார்கள். மூன்று உணவகங்கள் அந்த இடத்திலேயே ஓடர் கொடுத்தன. மிச்ச ஏழுக்கும்கூட ஒன்றும் ஆகவில்லையாம். இரண்டு கிழமை பேசாமல் நிற்க விட்டால் மண்டி திரும்ப அடிக்குப் போய்விடுமாம். வெளிக்கிடும்போது மன்னிப்புக் கேட்டேன். திறந்து ஊற்றின பிறகு சொல்லியிருந்தால்தான் தன்னால் மன்னித்திருக்க முடியாது என்று சொல்லி, அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். கோட்டைப் போட்டுக்கொண்டு, இனி வர வேண்டாமா என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை ஒன்பதுக்கு வாங்கோக்கா" என்றார். "ஆனா கும்பிட்டுக் கேக்கிறன், பின் அறையில மட்டும் துடைக்காதேங்கோ."

இன்றைக்கும் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் அன்று வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது. இன்னும் ஒரு நிமிஷம் அப்படி நின்றிருந்தால் என் வேலை தப்பியிருக்கும், ஆனால் ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுத்தவள் யார் என்பது எனக்கு மட்டும் சாகும்வரை தெரிந்திருக்கும்.