காலை 7:12-க்கு வெளியே போனவர்

பங்காரு இறந்த ஆறாம் நாள், காலை 7 மணி 12 நிமிடத்துக்கு அவர் தொழிற்சாலையை விட்டு வெளியே போனதாக வாயில் பதிவில் ஒரு வரி வந்தது. அன்று 2024 ஜூன் 8, சனிக்கிழமை. அதே நாள் மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு அவர் திரும்ப உள்ளே வந்ததாக இன்னொரு வரி. மற்ற எல்லோரும் காலையில் உள்ளே வந்து மாலையில் வெளியே போயிருந்தார்கள். பங்காரு ஒருவர்தான் எல்லோரும் வருகிற நேரத்தில் போய், எல்லோரும் போகிற நேரத்தில் வந்திருந்தார்.

வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் சேட்டு அந்தத் தாளை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காம் முறையும் படித்தார்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் சாலையில், மருந்துக் குப்பிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் சேட்டு 1998 பிப்ரவரி 2-ஆம் தேதி சேர்ந்தவர். முதலில் நீளமான மஸ்டர் நோட்டில் பேர் கூப்பிட்டு வருகை போட்டார். பிறகு மணி அடித்துக் குத்தும் பஞ்சிங் கடிகாரம் வந்தது. 2016 ஏப்ரலிலிருந்து ஸ்மார்ட் கார்டு. இந்த இருபத்தாறு ஆண்டில் அவர் பேரில் ஒரு மெமோகூட வந்ததில்லை.

ஸ்மார்ட் கார்டு வந்த புதிதில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னவர் அவர்தான். அட்டைக்குள்ளே எள்ளளவு சில்லு ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்தாற்போல், ஓரம் சுற்றி, தலைமுடி கனத்தில் செம்புக் கம்பிச் சுருள். பேட்டரி கிடையாது. சட்டைப் பையில் இருக்கும்வரை அது உயிரில்லாத பொருள். வாயிலில் இருக்கும் பெட்டிக்கு நான்கு விரற்கடை அருகில் கொண்டுபோனால், பெட்டியிலிருந்து வரும் அலை கம்பிச் சுருளில் பட்டு, அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். அது யார் எண் என்று பெட்டி கணினியைக் கேட்டு, பேரையும் படத்தையும் திரையில் இரண்டு நொடி காட்டும். அட்டை விலகியதும் சில்லு அணைந்துவிடும். கேன்டீனில் சாப்பாடு வாங்கவும், மூடி வார்க்கும் அச்சுகள் வைத்த அறைக் கதவைத் திறக்கவும் அதே அட்டைதான்.

வாயிலில் இருப்பது ஒரே பெட்டி. ஆகவே வரவும் போக்கும் மாறி மாறி விழும்படி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் அடுத்த முறை அட்டையைக் காட்டினால் அது வெளியே. அதற்கடுத்த முறை உள்ளே. உள்ளே எத்தனை பேர் என்பது வாயிலுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பு எண்ணாக எரியும். தீப்பிடித்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிவதற்காக வைத்த பலகை அது. மாலையில் அந்த எண் பூஜ்யமாகாமல் பெரிய கேட்டைப் பூட்ட சேட்டு விடுவதில்லை.

ஜூன் 3, திங்கட்கிழமை, பங்காரு வழக்கம்போல, அங்கேயே பேக்கிங்கில் இருக்கும் மகள் அனுசுயாவோடு அம்மையார்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, 7:12-க்கு உள்ளே போனார். மதியம் 2:40-க்கு நான்காம் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரி வாயில் வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. லாரி வாயிலில் பெட்டி இல்லை. ஆகவே பதிவின்படி பங்காரு வெளியே போகவே இல்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகும் பலகையில் 1 எரிந்தது. அது யார் என்று தெரிந்ததால் சேட்டு கேட்டைப் பூட்டச் சொன்னார்.

அன்றே அந்த எண்ணை முடக்கியிருக்க வேண்டும். சேட்டு முடக்கவில்லை. இறந்தவர் பெயரைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே அடிப்பது அவர் வழக்கம். அவருடைய அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிய கூலி. 1989-இல் வெட்டுக் களத்தில் பாம்பு கடித்து அவர் இறந்தபோது, உடல் வீடு வந்து சேரும் முன்பே மேஸ்திரி நோட்டில் சிவப்புக் கோடு இழுத்து, பக்கத்திலேயே வேறு ஆளின் பேரை எழுதிவிட்டார். பத்தொன்பது வயதில் சேட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார், மை காயாமல் இருந்தது. தன் கையில் நோட்டு வந்த நாள் முதல், பதினோரு பேருக்கு அவர் பதினாறு நாள் காத்திருக்கிறார். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஆனால் நோட்டில் எழுதிய பெயர் இப்படித் தானாக நடந்து வந்ததில்லை.

ஜூன் 10, திங்கட்கிழமை, அவர் வாட்ச்மேன் கோதண்டத்தைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

"ஞாயித்துக்கெழம பூரா உள்ள ஒரு ஆளு இருந்ததா காட்டுது. நீதான டூட்டி?"

"ஆங். நான் கேட்டாண்டதான் இருந்தேன். உள்ள யாரும் இல்ல." கோதண்டம் தாளைத் தொடவில்லை. "அண்ணே, நாலாவது மெஷின் பக்கம் சத்தம் கேட்டுகினு இருந்துச்சி. எலின்னு உட்டுட்டேன்."

"எலிதான்."

"எலி கார்டு வச்சிகினு கீதா?"

சேட்டு கேன்டீன் பதிவை எடுத்துப் பார்த்தார். சனிக்கிழமை மதியம் 12:35-க்குப் பங்காரு ஒரு சாப்பாடு வாங்கியிருந்தார்.

மென்பொருள் பார்க்கும் பிரேம்குமாருக்குச் சென்னைக்குப் போன் போட்டார். அவன் சிரித்தான். "சார், ஆவிக்கெல்லாம் நம்மகிட்ட செட்டிங் கெடையாது. கார்டு பெட்டிகிட்ட வராம லைன் விழாது. யாரோ எடுத்துட்டு வராங்க. அது சரி, செத்தவர் நம்பரை இன்னுமா பிளாக் பண்ணல?"

"பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஒரு விசையைத் தட்டினால் போதும். ஆனால் பதினாறுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அதோடு, யாரிடமும் சொல்லமுடியாத ஒன்று இருந்தது. காலையில் லாரி வாயிலில் ஒப்பந்தக் கூலிகளைக் கணக்கெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அவர் முதலில் தேடியது அந்த வரியைத்தான். ஜூன் 11, 7:12, வெளியே. ஜூன் 12, 7:12, வெளியே. ஒவ்வொரு நாளும் முதுகுத்தண்டில் சில்லென்று ஏறியது. ஒவ்வொரு நாளும் அது இருந்ததில் ஒரு நிம்மதியும் வந்தது.

வெள்ளிக்கிழமை, ஜூன் 14, மனிதவளப் பிரிவு சௌமியா ஒரு பட்டியலோடு வந்து நின்றார்.

"சேட்டு சார், பேக்கிங் அனுசுயா லீவு ஏழாம் தேதியோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஆறு நாளா வரலை. நாளைக்கும் வரலைன்னா ஏழு நாள் ஆயிடும், சிஸ்டமே பேரைத் தூக்கிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பாவம், அம்மாவும் இல்லையாமே. ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க."

கதவோரம் நின்ற கோதண்டம் நடுவில் புகுந்தான். "இன்னா மேடம், அந்தப் பொண்ணு தெனம் வந்துகினுதான கீது? காலைலகூட எனக்கு வணக்கம் சொல்லிச்சே."

"பதிவுல இல்லையே."

"நான் பாத்துச் சொல்றேன் மேடம்" என்றார் சேட்டு. சௌமியா போனதும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இறந்தவர் ஆறு நாளும் வந்திருந்தார். உயிரோடு இருக்கிறவள் ஒருநாள்கூட வரவில்லை. ஆறு தேதிகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின.

மறுநாள் லாரி வாயிலுக்குப் போகவில்லை. 7:05-க்கே வாயில் தூணுக்குப் பின்னால் நின்றார். பஸ் வந்தது. மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு அனுசுயா கடைசியாக வந்தாள். கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறையைப் பெட்டிக்கு எதிரே பிடித்தாள். பீப் என்றது. திரையில் பங்காரு வந்தார். 2016-இல் சேட்டே எடுத்த படம். குளித்துவிட்டு நேராக வந்திருந்ததால் தலை ஈரமாகப் படிந்திருக்கும். இரண்டு நொடி. அது அணையும்வரை அந்தப் பெண் கண் இமைக்கவில்லை.

"அனுசுயா."

அவள் திடுக்கிட்டு உறையைக் கையால் மூடினாள்.

"உள்ள இன்னொரு கார்டு வச்சிருக்கறயா?"

"ஆங், மாமா."

"ரெண்டு கார்ட ஒண்ணா காட்டினா பெட்டி ஒண்ணத்தான் பேச விடும். இன்னொண்ண சும்மா இருன்னு சொல்லிடும். உங்க நைனாது பழைய நம்பர், அதத்தான் மொதல்ல எடுக்குது. உன் பேரு ஒருநாளு கூட விழல. தெரியுமா உனக்கு?"

"மொத நாளு தெரியாதுங்க. ஆஸ்பத்திரில சட்டையோட கார்டையும் குடுத்தாங்க. தொலைஞ்சிடப் போவுதுன்னு என் உறையிலயே போட்டுகினேன். இங்க வந்து காட்டினா நைனா மூஞ்சி வந்துச்சி." அவள் தரையைப் பார்த்தாள். "அடுத்த நாள்ல இருந்து தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வீட்ல இருக்கற போட்டோவுக்கு மாலை போட்டுட்டாங்க மாமா. இதுல மாலை இல்ல."

"இன்னியோட ஏழு நாளும்மா. சாயங்காலம் உன் பேரு போயிடும். வேல போயிடும்."

"போனா போவுது."

அதட்டலாம் என்று நினைத்தார். அதட்டத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதிவில் இருப்பதை இருக்கிறபடி சொல்வதுதான். அதைச் சொன்னார்.

"காலைல நீ காட்டறப்ப அவரு உள்ள வர்ல. வெளிய போறாரு. அன்னிக்கி உள்ள வந்தவரு திரும்பக் காட்டலியே, அதனால மாறி விழுது. சாயங்காலம் நீ வீட்டுக்குக் கெளம்பறப்ப அவரு உள்ள வராரு. ராத்திரி பூரா அவரு ஒருத்தரு மட்டும் உள்ள. போன ஞாயித்துக்கெழம பூரா உள்ளதான் இருந்தாரு."

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டின பெறகா?"

"ஆங்."

"வெளக்கெல்லாம் அணைச்சிடுவாங்களே மாமா." உறையை இறுகப் பிடித்தாள். "நைனாவுக்கு இருட்டுல தனியா இருக்க முடியாது. கரண்டு போனா என்னக் கூப்ட்டுகினே இருப்பாரு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இப்ப எங்க கீறாரு?"

"இப்ப வெளிய. ஏழு பன்னெண்டுக்கு வெளிய வந்துட்டாரு."

அவள் உறையிலிருந்து பழைய அட்டையை உருவினாள். பெட்டியிலிருந்து முடிந்தவரை தள்ளி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் தன் அட்டையைக் காட்டினாள். திரையில் அவள் முகம் வந்தது. அனுசுயா, உள்ளே, 7:19.

மீதி ஆறு நாளுக்குத் திருத்தச் சீட்டு எழுத வேண்டியிருந்தது. அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அடுத்தவர் அட்டையைத் தெரிந்தே காட்டியவர்களுக்கு அங்கே வேலை கிடையாது. சேட்டு அரை மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார்: 'இரண்டு அட்டைகள் ஒரே உறையில் இருந்தன. இறந்தவரின் எண்ணை உரிய நாளில் முடக்காதது டைம் ஆபீஸின் தவறு.' எழுதியது இரண்டு வாக்கியம். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டில், தெரிந்த ஒன்றை அவர் எழுதாமல் விட்டது அதுவே முதல் தடவை.

சௌமியா சீட்டைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டா உங்களுக்கு மெமோ வரும் சார்."

"வரட்டும்மா."

வந்தது. அதற்கும் தேதி போட்டுக் கோப்பில் வைத்தார்.

ஜூன் 18, செவ்வாய்க்கிழமை காலை, பங்காருவின் எண்ணை முடக்கிவிட்டு சேட்டு அம்மையார்குப்பம் போனார். கடைசி வரி 'வெளியே' என்றுதான் இருந்தது. காரியம் முடிந்து, பந்தியில் இலை எடுத்த பிறகு, அனுசுயா அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். முடக்கிய அட்டையைச் சில்லின் நடுவே வெட்டிக் கோப்பில் ஒட்ட வேண்டும் என்பது விதி. கத்தரிக்கோல் அவர் பையில் இருந்தது.

"இனிமே இது பேசாதா மாமா?"

"பேசும். பேரை அடிச்சிட்டது இதுக்குத் தெரியாதும்மா. எப்ப எந்தப் பெட்டிகிட்ட வச்சாலும் முழிச்சிக்கும், அதே நம்பரச் சொல்லும். பெட்டிதான் இல்லன்னு சொல்லிடும்."

அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேட்டு கத்தரிக்கோலை எடுக்கவில்லை. திரும்பி வந்து கோப்பில் எழுதினார்: 'அட்டை வெட்டப்படவில்லை. மகளிடம் உள்ளது.'

ஏற்கப்படாத அட்டைகளுக்கென்று கணினி தனியாக ஒரு தாள் எடுக்கும். அதை சேட்டைத் தவிர யாரும் படிப்பதில்லை. ஜூன் 20-இலிருந்து அதில் நாளுக்கு ஒரு வரி இருக்கிறது. 7:12, பழைய எண், ஏற்கப்படவில்லை. வழக்கமான வருகைத் தாளில் 7:13, அனுசுயா, உள்ளே. மாலையில் அந்த எண் வருவதே இல்லை. பலகை பூஜ்யம் காட்டுகிறது, கோதண்டம் பூட்டுகிறான்.

அந்த வரியைப் பற்றி அவர் அவளிடம் கேட்டதில்லை. ஆகஸ்டு 6, செவ்வாய்க்கிழமை, 7:12-க்கு அது வரவில்லை. 7:20-க்கும் வரவில்லை. லாரி வாயிலில் ஒப்பந்தக் கூலிகள் வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வழியில் டயர் பஞ்சராகி டவுன் பஸ் தாமதமாக வந்து சேர்ந்தது. 7:31-க்கு வரி விழுந்தது. பழைய எண், ஏற்கப்படவில்லை. அதைப் பார்த்த பிறகே அவர் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு லாரி வாயிலுக்குப் போனார்.